கேமரா விற்ற வீடு

மேனாம்பேட்டில் தசரதன் வீட்டுச் சாமான் எதுவும் அதுவரை வாசலைத் தாண்டி விலைக்குப் போனதில்லை. நிலம் போயிருக்கிறது, அது வேறு. நிலம் போகும்போது பத்திரம் எழுதி, சாட்சி வைத்து, நாலு பெரிய மனிதர்கள் நாற்காலி போட்டு உட்கார்ந்து, காபி குடித்து, மரியாதையோடு போகும். புழங்கிய பொருளை, அது அண்டாவோ அலமாரியோ, விலை சொல்லி ஊராரிடம் நீட்டுவது நொடித்துப்போன வீட்டின் வேலை என்பது அவர் எண்ணம். வேண்டாத பொருளை யாருக்காவது சும்மா கொடுப்பார். யாரும் வாங்காவிட்டால் பரணில் ஏற்றுவார். அந்தப் பரண் நிறைந்து வழிந்து வருஷக்கணக்கு ஆகிவிட்டது.

அப்படிப்பட்டவரிடம்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை எதிர் அடுக்குமாடியில் குடியிருக்கும் பரந்தாமன் பழைய பொருள் விற்கும் பக்கம் ஒன்றைத் திறந்து தன் செல்போனை நீட்டினார். சேலத்துப் பக்கத்துக்காரர், கம்ப்யூட்டர் கம்பெனி உத்தியோகம், பேச்சில் எப்போதும் பணிவு.

"சார், இது உங்க வீட்டு ஜன்னல்தானே?"

தசரதன் மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தார். அவருடைய ஜன்னல்தான். பச்சை வர்ணம் அடித்த கம்பி, மேலே மூலையில் அவர் அப்பா காலத்துக் குத்துவிளக்கு. நடுவில் ஒரு கறுப்பு கேமரா. பக்கத்தில் ஒரு சின்ன லென்ஸ், ஒரு பெரிய லென்ஸ். கீழே ஒரு விலை. அதற்கும் கீழே, மேனாம்பேடு, அம்பத்தூர்.

ரத்தம் தலைக்கு ஏறியது. வீட்டுக்குள் நடந்தார். நடந்தார் என்பது மரியாதைக்குச் சொல்வது. அவர் மிதித்த மிதியில் கூடத்து நாற்காலி ஒருமுறை அசைந்தது.

"கலை! இன்னா இது? நம்ம ஊடு ஏலத்துக்கு வந்துடுச்சா?"

கலைவாணி அவருடைய ஒரே மகள். கல்யாணங்களுக்குப் படம் எடுக்கிறவள். முகூர்த்த நாள் வந்தால் பட்டாபிராமிலிருந்து பூந்தமல்லி வரை அவள் கேமராவைத் தூக்கிக்கொண்டு ஓடாத மண்டபம் கிடையாது. தரையில் உட்கார்ந்து கேமராவைத் துடைத்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"கேமராவைத்தான் போட்டுருக்கேன் நைனா. ஊட்டை இல்ல."

"ஜன்னல் தெரியுது. வெளக்கு தெரியுது. எவனோ ஒருத்தன் அந்த வெளக்கு இன்னா வெலைன்னு கேட்டுக்கீறான்டி! எங்கப்பன் வெளக்கை!"

"அவன் எல்லார்கிட்டயும் அப்படித்தான் கேப்பான். இன்னொருத்தன் பழைய பைக்கைக் குடுத்துட்டு கேமராவை எடுத்துக்கட்டுமான்றான். அவனையும் நீ திட்டணும்னா நம்பர் குடுக்கிறேன்."

அடுக்களையிலிருந்து நாகம்மாள் சிரித்தது அவர் காதில் விழுந்தது. மனைவி சிரித்ததற்கும் சேர்த்து அவருக்குக் கோபம் வந்தது.

விஷயம் இதுதான். கலைவாணி புது மாதிரி கேமரா வாங்குகிறாள். எடை பாதி, மண்டபத்து மங்கல் வெளிச்சத்திலும் படம் பளிச்சென்று வருமாம். பழைய செட்டை நல்ல விலைக்குத் தள்ளினால்தான் புதியது கைக்கு வரும். அப்பாவிடம் கேட்டால் தன் பணத்தை எடுத்து நீட்டுவார், பழசைப் பரணில் போடச் சொல்வார் என்று அவளுக்குத் தெரியும். அதனால் கேட்கவில்லை. அவள் சம்பாத்தியம், அவள் பொருள்.

அவள் விற்கும் முறையே அவருக்குப் புரியவில்லை. காலை வெயில் நேராக விழாத நேரம் பார்த்து ஜன்னலோரம் வைத்துப் படம் எடுத்தாள். எத்தனை படம் எடுத்த கேமரா என்பதை ஒளிக்காமல் எழுதினாள். பெட்டி இருக்கிறது, பில் இருக்கிறது என்று எழுதினாள். அதெல்லாம் போகட்டும். சின்ன லென்ஸின் ஓரத்தில் நகக்கீறல் போல் ஒரு கோடு இருந்தது. அதைத் தனியாக, பெரிதாக, ஊருக்கே தெரிகிற மாதிரி படம் பிடித்துப் போட்டிருந்தாள்.

"குறையை எதுக்குடி படம் புடிச்சு மாட்டுற? நம்ம ஊட்டுப் பொருள்ல குறைன்னு தண்டோரா போடுவியா?"

"வரவன் பாத்துட்டு வரட்டும். இங்க வந்து பாத்து மூஞ்சைத் திருப்பினா வெலை எறங்கும் நைனா. மொதல்லயே சொல்லிட்டா சொன்ன வெலை நிக்கும்."

"வியாபாரி மாதிரி பேசுற."

"விக்கிறேனில்ல? அப்போ வியாபாரிதான்." அவள் எழுந்தாள். "ஜன்னல் தெரியுதுன்னுதானே கோவம்? உன் வெள்ளை வேட்டி ஒண்ணு குடு. பின்னால தொங்க விட்டு மறுபடி எடுக்கிறேன். ஜன்னலும் தெரியாது, வெளக்கும் தெரியாது."

"என் வேட்டியைக் கட்டி அதுக்கு முன்னால கடை போடப் போறியா? சந்தையில செருப்பு விக்கிறவன்கூட சாக்குப் பைதான்டி விரிப்பான்!"

அவள் வேட்டியை மறுபடி கேட்கவில்லை. பல்துலக்கும் பிரஷ் ஒன்றை எடுத்து கேமராவின் தலையைத் தேய்க்கப் போனாள். அங்கே உலர்ந்த சந்தனமும் அதன்மேல் குங்குமமும் ஒட்டியிருந்தன. ஆயுத பூஜைதோறும் தசரதன் தன் கையால் வைத்த பொட்டுகள். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் லேத் பட்டறை போர்மேனாக இருந்த நாளிலிருந்து அவருக்கு அந்தப் பழக்கம். சோறு போடுகிற இரும்புக்குப் பொட்டு வைக்காமல் அவர் கை சும்மா இருக்காது. கேமராவுக்கு இரண்டு, சின்ன லென்ஸின் ரப்பர் வளையத்தில் ஒன்று, பையின் ஜிப்பில்கூட ஒன்று.

"சாமிப் பொட்டை அழிச்சா விக்கப் போற? கையை எடு!"

"வாங்குறவன் துரு புடிச்சிருக்குன்னு நெனைப்பான்."

"நெனைக்கிறவன் வாங்க வாணாம்."

கலைவாணி பிரஷைக் கீழே போட்டாள். "நல்லவேளை, பெரிய லென்ஸாவது சுத்தமா கீது. போன வருசம் வேலுசாமி பெரியப்பா போனாருன்னு நீ பூஜையே போட விடல. அது ஒண்ணுதான் தப்பிச்சது."

தசரதனின் பெரியப்பா மகன் வேலுசாமி போன ஆவணியில் இறந்தார். பங்காளி வீட்டுச் சாவு. வருஷம் முழுக்க இந்த வீட்டில் ஆயுத பூஜை இல்லை, தீபாவளி இல்லை, பொங்கல் இல்லை. மற்றப் பங்காளிகள் மூன்று மாதத்திலேயே வாசலில் வண்ணக்கோலம் போட்டுவிட்டார்கள். தசரதன் மட்டும் அசையவில்லை. தலைத்திவசம் முடிந்து இரண்டு வாரம்கூட ஆகவில்லை.

அந்த ஒரு வாரமும் கலைவாணியின் செல்போனை யார் எடுக்கிறார்கள் என்று தெரியாமல் பல பேர் வாங்கிக் கட்டிக்கொண்டார்கள். "பாதி வெலைக்குக் குடு, இப்பவே வரேன்" என்று எழுதிய ஒருவனை தசரதன் தானே கூப்பிட்டு, "பாதி குடுன்னு கேக்க நீ யார்றா? உங்கப்பன் பாதி போட்டு வாங்கிக் குடுத்தானா?" என்று கேட்டார். அவன் வைத்துவிட்டான். இன்னொருவன் எடுத்த எடுப்பில் "ப்ரோ" என்றான். அவனுக்கும் கிடைத்தது. கடைசியில் கலைவாணி செல்போனுக்குப் பூட்டுப் போட்டாள்.

தேவா என்பவன் சனிக்கிழமை மாலை வந்தான். தெரியாத ஆள் வீட்டுக்கு வருகிறான் என்பதால் நீங்களும் வாசலில் நில்லுங்கள் என்று நாகம்மாள் சொல்லியிருந்தாள். சொல்லாவிட்டாலும் தசரதன் நின்றிருப்பார். வந்தவன் பட்டாபிராம் பக்கம் ஸ்டூடியோ வைத்திருப்பதாகச் சொன்னான். நெற்றியில் விபூதி. சொல்லாமலே வாசலில் செருப்பைக் கழற்றினான். தசரதனைப் பார்த்துக் கைகூப்பினான்.

"பெரிய குடும்பம்னு வாசலைப் பாத்தாலே தெரியுது அங்கிள்."

அந்த ஒரு வார்த்தையில் ஒரு வாரக் கோபம் பாதி இறங்கிவிட்டது.

தேவா கேமராவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பொட்டுகளைப் பார்த்தான். "பூஜை போட்ட பொருள். எங்க ஊட்லயும் இப்படித்தான் அங்கிள். தெய்வமா வச்சிருந்திருக்கீங்க" என்றான். தசரதன் ஜன்னல் பக்கம் திரும்பி மகளை ஒரு பார்வை பார்த்தார். பெரிய லென்ஸுக்குள் டார்ச் அடித்து நெடுநேரம் உற்றுப் பார்த்துவிட்டு அவன் சொன்னான்: "கண்ணாடி மாதிரி கீது."

"நல்லாப் பாத்துக்கங்க" என்றாள் கலைவாணி. "எவ்வளவு நேரம் வேணா பாருங்க. ஆனா எடுத்துட்டுப் போனா திருப்பி வாங்க மாட்டேன். வெளம்பரத்துலயே எழுதியிருக்கேன்."

தசரதனுக்கு உடம்பு கூசியது. வீட்டுக்கு வந்தவனிடம், செருப்பைக் கழற்றிவிட்டு நிற்கிறவனிடம், தள்ளுவண்டிக்காரன் மாதிரி ஒரு பேச்சு! எதிர்வீட்டுப் பால்கனியில் பரந்தாமன் நிற்கிறார். பக்கத்து வீட்டு ஞானம்மாள் துணி எடுக்கிற சாக்கில் காதைக் கொடுத்துக்கொண்டிருக்கிறாள்.

"அவ கெடக்குறா தம்பி, சின்னப் பொண்ணு" என்றார் கனத்த குரலில். "இது தசரதன் ஊடு. பொருள்ல ஒரு குறை இருந்துதுன்னா நேரா என் வாசலுக்கு வா. ஒரு கேள்வி கேக்க மாட்டேன். பணத்தை எடுத்து உன் கையில வச்சுடுவேன்."

"நைனா!"

"சொன்னா சொன்னதுதான்."

தேவா மறுபடி கைகூப்பினான். இந்தக் காலத்தில் இப்படி யார் அங்கிள் சொல்கிறார்கள் என்றான். விலையில் ஒரு ரூபாய் குறைக்கச் சொல்லவில்லை. செல்போனிலேயே பணத்தை அனுப்பினான். கேமரா, லென்ஸ்கள், பெட்டி, பில் எல்லாவற்றையும் பையில் போட்டு எடுத்துக்கொண்டு போனான். கலைவாணி அன்று இரவே புதுக் கேமராவுக்குப் பணம் கட்டிவிட்டாள். தசரதனோடு அவள் பேசவில்லை. நல்ல விலைக்குத்தானே போனது, இன்னும் என்ன முறுக்கு என்று அவர் நினைத்துக்கொண்டார்.

செவ்வாய்க்கிழமை மாலை தேவா திரும்பி வந்தான். இந்தமுறை பைக்கில், பின்னால் இன்னொருவனோடு. செருப்பைக் கழற்றவில்லை. கேட்டைத் தட்டிய தட்டில் தெரு திரும்பிப் பார்த்தது.

"பெரியவரே! வெளிய வாங்க! இன்னா இப்படிப் பண்ணிட்டீங்க?"

தசரதன் வெளியே வந்தார். தேவா பெரிய லென்ஸைத் தூக்கிப் பிடித்துப் பின்பக்கமாக டார்ச் அடித்தான். கண்ணாடிக்குள் சிலந்தி வலை மாதிரி வெள்ளை வெள்ளையாக இழை ஓடியிருந்தது.

"ஃபங்கஸ். உள்ளுக்குள்ள பூஞ்சை. இதுக்கு மேல இதுல படம் எடுத்தா மூஞ்சி எல்லாம் பனி மூட்டமாத்தான் வரும். அன்னிக்குச் சாயங்கால வெளிச்சத்துல ஏமாத்திட்டீங்க. கேமராவை நான் வச்சுக்கிறேன். லென்ஸுக்குண்டான பணத்தைக் குடுங்க. நீங்கதானே சொன்னீங்க, இது தசரதன் ஊடுன்னு?"

ஞானம்மாள் துணிக்கொடியை விட்டுவிட்டு மதிலோரம் வந்தாள். பரந்தாமன் படியிறங்கி வந்தார். இஸ்திரி வண்டிக்காரர் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுப் பார்த்தார்.

கலைவாணி ஓடி வந்து லென்ஸை வாங்கினாள். ஒரு சுற்றுச் சுற்றினாள். அவள் முகம் மாறியது.

"இது என்னுது இல்ல."

"இன்னாம்மா இல்ல? உங்க ஊட்லேர்ந்துதானே எடுத்துக்கினு போனேன்?"

"மாடல் அதுதான். பொருள் இது இல்ல. மாத்திட்டீங்க. பில்லைக் குடுங்க. அதுல நம்பர் கீது. ரெண்டையும் வச்சுப் பாக்கலாம்."

"பில்லை யாரு கையிலயே வச்சுக்கினு சுத்துவாங்க? அது ஊட்ல கீது." தேவா தெருவைப் பார்த்துத் திரும்பினான். "பாத்தீங்களா? வித்துட்டு இப்ப பொருளே இல்லேன்றாங்க. மானஸ்தன் ஊடாம்!"

அந்தக் கடைசி வார்த்தை தசரதனின் நெஞ்சில் ஆணி அடித்த மாதிரி இறங்கியது. லென்ஸை மகள் கையிலிருந்து பிடுங்கினார். ரப்பர் வளையத்தில், கோடுகளுக்கு நடுவே, உலர்ந்த சந்தனம். அதன்மேல் குங்குமம். அவருக்கு வேறு எதுவும் தேவைப்படவில்லை.

"பொட்டு கீதேடி! நம்ம ஊட்டுப் பொட்டு கீது! இதைப் பாத்துக்கினே என்னுது இல்லேன்னு சொல்ல எப்படிடி வாய் வருது?"

"நைனா, நான் சொல்றதக் கேளு..."

"இன்னாத்தக் கேக்குறது? குறையை மறைச்சு வித்துட்டு, திருப்பி வாங்க மாட்டேன்னு மொதல்லயே எழுதி வச்சுக்கினு... அதுக்குத்தான் எழுதினியா? இந்தத் திருட்டுப் புத்தி எங்கேர்ந்துடி வந்துச்சு உனக்கு? நம்ம வம்சத்துல இல்லாத புத்தி!"

திருடி என்று வாயைத் திறந்து சொல்லவில்லையே தவிர, எல்லார் காதிலும் அதுதான் விழுந்தது. கலைவாணியின் கண்ணில் தண்ணீர் வரவில்லை. அவள் அவரைப் பார்த்த பார்வையில் அவருடைய கோபத்தைவிடப் பெரிய கோபம் இருந்தது.

"பொட்டு யாரு வச்சது நைனா?"

"நான்தான். வேற எவன் வெப்பான்?"

"எப்ப வச்ச?"

"இன்னாடி குறுக்கு விசாரணை பண்ற? அந்தப் பேச்சே வாணாம். தம்பி, இருங்க. சொன்ன சொல் சொன்னதுதான். பணத்தை எடுத்தாரேன்."

உள்ளே போனார். நாகம்மாள் ஏதோ சொல்ல வந்தாள். கையை வீசி அடக்கினார். பின்கட்டுக்கு வந்த குடித்தனக்காரர் கொடுத்த முன்பணம் சாமி அலமாரியில் மஞ்சள் பையில் இருந்தது. அலமாரியைத் திறந்தார். பை உள்ளே இருந்தது. அதற்கு முன்னால் குங்குமச் சிமிழ். சிமிழை நகர்த்தக் கையை வைத்தார்.

எப்ப வச்ச?

எப்ப வைப்பார், ஆயுத பூஜைக்குத்தான். கேமராவுக்கு வைக்கும்போது. சின்ன லென்ஸுக்கு வைக்கும்போது. பெரிய லென்ஸுக்கு...

பக்கத்துச் சுவரில் வேலுசாமி அண்ணன் மாலைக்குள்ளிருந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

பெரிய லென்ஸ் வந்தது போன புரட்டாசியில். அண்ணன் செத்த அடுத்த மாசம். பெட்டியைப் பிரித்துக் கையில் ஏந்திக்கொண்டு இதே இடத்தில்தான் கலைவாணி நின்றாள். "நாளைக்கு மொத தடவை வேலைக்கு எடுத்துக்கினு போறேன் நைனா. ஒரே ஒரு பொட்டு வையேன்" என்று கேட்டாள். பங்காளி தீயிலிருந்து இன்னும் புகை அடங்கவில்லை, உனக்குப் பூஜை கேட்கிறதா என்று அவர் கத்தினார். அவள் லென்ஸைப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டாள். அதற்குப் பிறகு இந்த வீட்டில் ஆயுத பூஜையே வரவில்லை. அடுத்தது வர இன்னும் ஒரு மாதம் இருக்கிறது.

தசரதன் மஞ்சள் பையை விட்டுவிட்டு, குங்குமச் சிமிழை எடுத்துக்கொண்டு வெளியே வந்தார்.

தேவா அவர் கையைப் பார்த்தான். முகத்தைப் பார்த்தான்.

"இன்னா பெரியவரே, பணம்?"

"தரேன். ஒண்ணே ஒண்ணு சொல்லு. இதுல பொட்டு எப்படி வந்துச்சு?"

"இன்னா கேள்வி இது? நீங்கதான் வச்சீங்க. இப்பதான் உங்க வாயாலயே சொன்னீங்க."

"எப்ப வச்சேன்?"

"ஆயுத பூஜைக்கு வச்சிருப்பீங்க."

"எந்த ஆயுத பூஜைக்கு?"

"போன வருசம் ஆயுத பூஜைக்கு! வேற எப்ப வெப்பாங்க?"

தசரதன் தெருப் பக்கம் திரும்பினார். குரலை உயர்த்தத் தேவையில்லாமல் போய்விட்டது, அவ்வளவு அமைதி.

"பரந்தாமன் சார், போன வருசம் என் ஊட்ல பூஜை நடந்துச்சா?"

பரந்தாமன் தயங்கினார். "இல்லைங்களே. தீபாவளிக்கு நான் ஸ்வீட் பாக்ஸ் கொண்டுவந்தப்பகூட நீங்க கையால தொடலை. எங்க வீட்ல ரொம்ப நாள் வருத்தப்பட்டாங்க. அப்புறம்தான் சொன்னாங்க, உங்க அண்ணன் தவறிட்டாருன்னு."

"கேட்டுக்கினியா?" தசரதன் தேவாவிடம் ஒரு அடி நெருங்கினார். "அந்த லென்ஸ் இந்த ஊட்டுக்குள்ள வந்ததே எங்க அண்ணன் செத்த பொறவுதான்டா. அதுக்கு நான் பொட்டே வைக்கல. பெத்த பொண்ணு கெஞ்சிக் கேட்டும் வைக்கல. கேமராவுல பாத்துட்டு, சின்ன லென்ஸ்ல பாத்துட்டு, இவனுங்க ஊட்ல எல்லாத்துக்கும் வெப்பானுங்கன்னு நெனைச்சு உன் ஓட்டை லென்ஸுக்கு நீயே வச்சுக்கினு வந்தியா? யார் ஊட்டுச் சாமியை வச்சு யார்கிட்ட வியாபாரம் பண்ற?"

"பெரியவரே, வார்த்தையப் பாத்துப் பேசுங்க."

"பில்லை எடுத்தா! அதுல தேதி கீது. பொட்டு வச்ச தேதியை நீ சொல்லு. ரெண்டையும் பாக்கலாம்!"

பின்னால் உட்கார்ந்திருந்தவன் பைக்கைக் கிளப்பினான். "வா மச்சான், பொறவு பாத்துக்கலாம்" என்றான். இஸ்திரி வண்டிக்காரர் நடுத்தெருவுக்கு வந்து நின்றார். பரந்தாமன் போலீஸுக்குப் போன் போடட்டுமா என்று கேட்டார். தேவாவின் நெற்றியில் விபூதி வியர்வையில் கரைந்து ஓடியது.

தசரதன் தோளிலிருந்த துண்டை எடுத்தார். லென்ஸின் ரப்பர் வளையத்தை அழுத்தித் துடைத்தார். வருஷக்கணக்கில் இறுகிப்போன சந்தனம் இல்லை. இரண்டு நாள்கூட ஆகாத சந்தனம், ஒரே துடைப்பில் வந்துவிட்டது. அது இன்னும் வெறி ஏற்றியது.

"இந்தா. உன் பொருளை எடுத்துக்கோ. வாக்கு குடுத்தது என் பொருளுக்கு. உன் பொருளுக்கு இல்ல. நீ என் வாசல்ல நின்னதுக்கே நான் தண்ணி தெளிக்கணும், போ!"

தேவா போய்விட்டான். போகும்போது ஏதோ கெட்ட வார்த்தை சொன்னான். இஸ்திரி வண்டிக்காரர் அதைவிடக் கெட்டதாக ஒன்றைத் திருப்பிச் சொன்னார். ஞானம்மாளுக்குச் சிரிப்பு வந்தது. பெரியவர் பிடித்த பிடியைப் பார்த்தீர்களா என்று ஆளுக்கு ஆள் பேசத் தொடங்கினார்கள். தசரதன் நெஞ்சை நிமிர்த்தித் திரும்பினார்.

கலைவாணி அங்கே இல்லை.

அவள் அறைக் கதவு சாத்தியிருந்தது. சாப்பிட வரவில்லை. நாகம்மாள் இரண்டு முறை தட்டினாள். மூன்றாவது முறை தசரதனே போனார். கூப்பிடுவதற்கு முன்பே உள்ளேயிருந்து குரல் வந்தது.

"அவன் வச்ச பொட்டைப் பாத்து ஒடனே நம்புன. நான் வாயால சொன்னதை நம்பல. நீ யாருக்கு நைனா?"

அவருக்குக் கோபம் வந்தது. யார்மேல் என்று தெரியாத கோபம். போய்ப் படுத்தார். தான் சொன்னதை நினைத்துப் பார்த்தார். நடுத்தெருவில் சொன்னது. நாலு பேர் காதில் விழுந்தது. தேவா பொய்யன் என்று ஊருக்குத் தெரிந்துவிட்டது, சரி. ஆனால் தசரதன் தன் மகளைத் திருட்டுப் புத்திக்காரி என்று சொன்னான் என்பதும் ஊருக்குத் தெரிந்ததுதான். அது அங்கேயே, அந்தத் தெருவிலேயே கிடந்தது. யாரும் எடுக்கவில்லை. கதவுக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு மெதுவான குரலில் எடுக்கக்கூடியதும் இல்லை.

காலையில் தண்ணீர் லாரி வந்தது. தெருவில் உள்ள குடங்களெல்லாம் வரிசையில் நின்றன; குடங்களுக்குப் பின்னால் தெருவே நின்றது. தசரதன் குடம் இல்லாமல் வந்து லாரிக்குப் பக்கத்தில் நின்றார். கழுத்து விறைத்திருந்தது. சண்டைக்கு வந்திருக்கிறார் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள்.

"எல்லாரும் கேட்டுக்கங்க! நேத்து என் பொண்ணைப் பாத்து ஒரு வார்த்தை சொன்னேன். ஞானம்மா, நீ கேட்டல்ல? கேட்டேன்னு சொல்லு! பரந்தாமன் சார், நீங்களும் கேட்டீங்க!"

ஞானம்மாள் பயந்துபோய்த் தலையாட்டினாள்.

"அது பொய்! அவ பொருள்ல இருந்த கீறலைக்கூட மறைக்காம படம் புடிச்சுப் போட்டவ. தப்பு சொன்னது இந்த வாய்தான். நேத்து கேட்டவங்க எல்லாம் இன்னிக்கு இதையும் கேட்டுக்கணும். கேக்காதவங்களுக்குப் போய்ச் சொல்லணும். அதைச் சொன்னா மாதிரி இதையும் சொல்லுங்க!"

"பெரியவரே" என்றான் லாரிக்காரன், "ஓரமா நின்னு சொல்லுங்க. தண்ணி வீணாப் போது."

"நீ சும்மா இருடா!" என்றார் தசரதன். ஆனாலும் ஓரமாக நகர்ந்துகொண்டார்.

மாடி ஜன்னலில் கலைவாணி நின்றிருந்தாள். வாயில் பல்துலக்கும் பிரஷ். அவர் நிமிர்ந்து பார்ப்பதற்குள் உள்ளே போய்விட்டாள்.

அன்று பத்து மணி வாக்கில் அவள் மூன்றுகால் ஸ்டாண்டை ஜன்னலோரம் நிறுத்திப் படம் எடுக்கத் தயாரானாள். பழைய செட்டில் விற்க மிச்சம் இருந்தது அது ஒன்றுதான். தசரதன் உள்ளே போய்ப் பெட்டியைத் திறந்தார். சலவையிலிருந்து வந்து மடிப்புக் கலையாத எட்டு முழ வேட்டியை எடுத்தார். ஜன்னலுக்கு முன்னால் போய், இரண்டு கையாலும் அதைப் பிரித்துப் பிடித்துக்கொண்டு நின்றார்.

கலைவாணி கேமரா வழியாகப் பார்த்தாள். புதுக் கேமரா.

"தூக்கிப் புடி. உன் தலை தெரியுது."

தூக்கிப் பிடித்தார். கை வலித்தது. சொல்லவில்லை.

"இதுக்கும் வாசல்ல நின்னு எவனுக்காவது வாக்கு குடுத்த..." என்றாள் அவள், கேமராவிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"வேட்டி மறைச்சுக்கினு கீது. நான் எங்க வாசலைப் பாக்குறது?"

நாகம்மாள் அடுக்களையில் சிரித்தாள். கலைவாணி சிரிக்கவில்லை. இன்னும் நாலைந்து நாளைக்குச் சிரிக்க மாட்டாள் என்று அவருக்குத் தெரியும். படத்தைப் போட்ட கொஞ்ச நேரத்திலேயே செல்போன் முனகியது. அவள் பார்த்துவிட்டு அவர் பக்கம் திருப்பிக் காட்டினாள்.

எவனோ ஒருத்தன், பின்னால் இருக்கிற வேட்டி என்ன விலை என்று கேட்டிருந்தான்.

"அந்த நம்பரைக் குடு" என்றார் தசரதன்.